நகப்பூச்சுப் புள்ளி

அந்த ஒலிப்பதிவு நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்புக்காது என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதலாளியம்மா மட்டும் நேரில் "அக்கா" என்பாள். அந்தப் பக்கம் திரும்பினால் அவளுக்கும் பாம்புக்காதுதான். இவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டது கிடையாது. சிலருக்குக் கையெழுத்து, சிலருக்குக் கைராசி, தனக்குக் காது என்று விட்டுவிட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, அதனால் யார் குடி முழுகிப் போயிற்று?

அங்கே பதிவாவது பாட்டு அல்ல, புத்தகம். கண் தெரியாதவர்கள், நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்கள், படுத்தபடி கதை கேட்க ஆசைப்படும் சோம்பேறிகள், எல்லோருக்கும் புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் வாசிப்பவர், இந்தப் பக்கம் இவள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் 'டக்', தாள் புரளும் சரசரப்பு, காலி வயிறு போடும் சத்தம், நாற்காலியின் முனகல், எதுவும் இவளைத் தாண்டிப் போகாது. குற்றம் காதில் பட்டதும் மேசை மேல் இருக்கும் பொத்தானை அழுத்துவாள். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். வாசிப்பவர் அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட குரலும் அந்த விளக்குக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

அங்கிருந்த குரல்களிலேயே பெரிய குரல் வெண்கலம் என்று பெயரெடுத்தவருடையது. பெயரே சொல்லிவிடும். அவர் வாசித்தால் கடன்காரனின் மிரட்டல்கூடக் கேட்க நன்றாயிருக்கும். அவர் வாசிக்க இவள் கேட்க, இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சும்மா வாய் உபசாரம் இல்லை. அவள் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடியத் துணைக்கு உட்கார்ந்திருந்தது இவர். அவள் கூடப் பிறந்தவன் மறுநாள் மதியம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அண்ணன் என்ற சொல்லை அவள் இவருக்கு மட்டுமே உண்மையாகச் சொன்னாள்.

அவளுடைய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். பழைய ஹெட்போன் உடைந்துபோனதும் முதலாளியம்மா மனசு வந்து நல்லதாக ஒன்று வாங்கித் தந்திருந்தாள். மின்தடை முன்னூறு ஓம். பெட்டியில் இருந்து எடுத்து மேசையில் இருந்த துளையில் சொருகினால், குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ கேட்டது. குமிழைக் கடைசிவரை திருகினாலும் அதே கதை. "நல்லா வாங்கினாங்க, ஊமை ஹெட்போன்" என்று அவள் அலுத்துக்கொண்டாள். மறுநாள் வெண்கலம், மூடிப்போன வேறொரு நிலையத்திலிருந்து செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த ஹெட்போனுக்குள்ள கம்பி முடியைவிட மெல்லிசு, சுத்து ஜாஸ்தி" என்று விளக்கினார். "மின்சாரம் லேசுல நுழையாது. மாடி வீட்டுக் குழாய்க்குத் தண்ணி ஏத்தற மாதிரி, பின்னாலேர்ந்து அழுத்தம் வேணும் தங்கச்சி. உன் மேசை ஓட்டைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. இந்தப் பெட்டிக்கு இருக்கு."

பெட்டியின் அடிப்புறத்தில் ஒரு சின்ன சுவிட்ச். மூன்று நிலை. கீழ் நிலை சாதாரண ஹெட்போனுக்கு, மேல் நிலை இந்த மாதிரிப் பசி அதிகமுள்ளதற்கு. அன்று மதியம் முழுக்க இருவரும் அதை வைத்து மல்லுக்கட்டினார்கள். அவர் உள்ளே போய் ஒரே பத்தியை ஒரே குரலில் திரும்பத் திரும்ப வாசித்தார். இவள் சுவிட்சை ஒவ்வொரு நிலையாக மாற்றிக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். கீழ் நிலையில் குரல் இருந்தது, மனிதர் இல்லை. நடு நிலையில் மனிதர் இருந்தார், ஆனால் கதவுக்கு வெளியே. மேல் நிலையில் வைத்துக் குமிழைப் பாதிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியபோது, முதல் சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"அண்ணே, நீங்க மூச்சு விடறது கேக்குது!"

"அப்போ அதுதான் இடம். புள்ளி வெச்சுடு."

கைப்பையில் மகளுடைய நகப்பூச்சு கிடந்தது. அரக்கு நிறம். குமிழின் ஓரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேரே பெட்டியில் ஒரு புள்ளி. அடியில் இருந்த சுவிட்ச் கைபட்டு நகர்ந்துவிடாமல் கறுப்பு டேப்பை ஒட்டினாள். அதன்பிறகு அந்தக் குமிழை அவள் தொட்டதே இல்லை. தொடவும் கூடாது என்பது அவள் கட்சி. காது சரியான போக்கிரி. இன்று ஒரு மயிரிழை கூட்டினால் நாளைக்கு இரண்டு கேட்கும், பிறகு நீ அதற்கு அடிமை. ஒரே அளவில் கேட்டால்தான் எது குற்றம், எது குணம் என்று தெரியும். புள்ளியும் புள்ளியும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வருடக்கணக்கில் வேலை பார்த்தாள்.

மகளுக்குப் பிரசவம் என்று நீண்ட விடுப்பில் போய்விட்டு வந்தாள். அந்த இடைவெளியில் வெண்கலம் பல் கட்டிக்கொண்டிருந்தார். மேல்வரிசை முழுக்கப் புதுசு. முத்துப் போல இருந்தது. அவள்கூடக் கேலி செய்தாள், "மாப்பிள்ளை ஆயிட்டீங்க" என்று. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஈறு வலிக்கிறது என்று சைகை காட்டினார். உள்ளே போய் உட்கார்ந்ததும் மைக்கில் சொன்னார்:

"புதுப் பல்லும்மா. ஏதாவது குறை கேட்டா உடனே நிறுத்து. எனக்காகப் பார்க்காதே."

அவளும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். குரல் எப்போதும் போல இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றது. பச்சைக் குழந்தை இத்தனை நாள் காதுக்குள் அழுத அழுகையில் காது மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குறை என்று எதுவும் கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்லண்ணே. கண்ணாடி மாதிரி இருக்கு."

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது போல அவளுக்குத் தோன்றியது. பாவம், பயந்துபோயிருந்தார் என்று இவள்தான் அவருக்காகப் பரிதாபப்பட்டாள். நினைத்தால் வயிறு எரிகிறது!

காது சரியாகவில்லை. மரத்துப்போனது இன்று விடும், நாளை விடும் என்று பார்த்தால், ஒருநாள் காலையில் குரல் இன்னும் ஒரு அடி பின்னால் போய் நின்றது. ஏர்கண்டிஷனர் இரைச்சல்கூட அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் இருக்கின்றன, குமிழ் நகரவில்லை, அப்படியென்றால் நகர்ந்தது எது? காதுதான். வேறு யோசனையே அவளுக்கு வரவில்லை. தன்மேல் சந்தேகப்பட்டாள், புள்ளிமேல் சந்தேகப்படவில்லை.

வீட்டிலும் தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் கூடத்திலிருந்து கேட்டது. ஆனால் நிஜமாகவே கேட்கிறதா, இத்தனை வருடப் பழக்கத்தில் கேட்பதாக நினைத்துக்கொள்கிறோமா? கணவர் ஏதோ சொன்னார், புரியவில்லை. "பாத்தீங்களா, நீங்க பேசறது எனக்கு விளங்கல" என்று கண்ணீர் விட்டாள். அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறவர். அவர் பேசுவது அவருக்கே விளங்காது. ஆனால் பயம் பிடித்தவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

முதலில் அண்ணனிடம்தான் சொன்னாள். தேநீர் இடைவேளையில், யாரும் இல்லாதபோது.

"குரல் தள்ளிப் போயிட்டே இருக்கண்ணே. குமிழைக் கொஞ்சம் ஏத்திப் பாக்கட்டுமா?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"புள்ளியைத் தொடாதேம்மா. அதைத் தொட்டா அப்புறம் நீ நீயா இருக்க மாட்டே."

"அப்போ டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

"டாக்டர்னா உடனே காதுல ஒரு பொட்டியை மாட்டி விட்டுடுவார். வேண்டாம்மா. நமக்கும் நாளாகுது இல்ல? உடம்புல ஒவ்வொண்ணா லீவு கேக்கும். விடு."

தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தங்கச்சி என்று கூப்பிடுவது நின்று, கொஞ்ச நாளாக வெறும் 'ம்மா' ஆகியிருந்ததை அவள் அப்போது கவனித்தாள். காது போனவளுக்குக் காட்டும் இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அதுவும் வலித்தது.

முதலாளியம்மா ஒருநாள் கூப்பிட்டனுப்பினாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

"அக்கா, கேக்கறவங்ககிட்டேர்ந்து ஒரே புகார். கதையில குருவி கத்துதாம். ராஜா வேட்டைக்குப் போற எடத்துல கத்தினா சரி. ஆஸ்பத்திரி ரூம்லயுமா கத்தும்?"

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. தான் நல்லது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பதிவில் ஊரார் காதுக்கெல்லாம் ஏதோ கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை! யார் மேலும் பழி போட அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்குக் காது போயிடுச்சும்மா. இந்தப் புத்தகம் முடிஞ்சதும் நின்னுக்கறேன். வேற ஆள் பாத்துக்கோங்க."

முதலாளியம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "நிக்கறது அப்புறம். மொதல்ல காதைக் காட்டிட்டு வாங்க" என்றாள்.

காது டாக்டர் அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அந்த வேலை அவளுக்குத் தெரியாதா? அழுத்து அழுத்து என்று அழுத்தினாள். வெளியே வந்தபோது டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா சொன்னது காது கேக்கலன்னு? என் நர்ஸுக்கே இவ்வளவு கேக்காது."

கணவர் பக்கத்திலிருந்து ஏதோ முணுமுணுத்தார். "சத்தமாத்தான் சொல்லித் தொலைங்களேன்!" என்று அவள் கத்தினாள். சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்படியானால் ஹெட்போன் போய்விட்டது. வேறென்ன? அதை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். ரிப்பேர்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். தன் கடையில் இருந்த ஒரு பெட்டியில் சொருகி அவளிடமே நீட்டினார். பாட்டு காதுக்குள் வந்து உட்கார்ந்தது. பாடகி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"ரெண்டு பக்கமும் முன்னூறு ஓம், அப்படியே இருக்கு. இதுல கோளாறு இல்லக்கா. நீங்க சொருகற ஆம்ப்ல சுவிட்ச் எந்த நிலையில இருக்கு?"

"மேல் நிலைதான். வெச்சு டேப் ஒட்டிட்டேனே."

"ஒட்டினது ஒட்டினபடி இருக்கா?"

அவள் ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள். சுவிட்ச் கீழ் நிலையில் கிடந்தது. மேலே டேப் ஒட்டியிருந்தது, ஒழுங்காக, மூலை மடங்காமல். ஆனால் கறுப்பு டேப் இல்லை. நீல நிறக் காகித டேப்.

அந்த டேப்பை அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான் வைத்திருக்கிறார். வாசிக்கும்போது தாள் சரசரக்காமல் இருக்க, அதன் நாலு மூலையையும் வாசிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு. இவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். முதல் சுருளை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான்.

இல்லை, இருக்காது என்றுதான் முதலில் நினைத்தாள். துடைக்கிறவள் தட்டியிருப்பாள், டேப் பிய்ந்திருக்கும், அண்ணன் பார்த்துவிட்டுத் தெரியாமல் அப்படியே ஒட்டியிருப்பார். எத்தனை சாக்கு! அவருக்காக அவள் மனசு வக்கீல் வைத்து வாதாடியது. கை மட்டும் சுவிட்சை மேல் நிலைக்குத் தள்ளியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புள்ளியைத் தொடாமல், போன வாரம் அவர் வாசித்ததை ஓடவிட்டாள்.

மூச்சை இழுப்பது கேட்டது. மனிதர் பக்கத்தில் வந்துவிட்டார். பிறகு 'வாசல்' என்றார். அந்தச் 'ச'வின் வாலில் மெல்லியதாக ஒரு விசில். 'ஓசை' என்றார், விசில். 'பேசினாள்', விசில். பக்கம் முழுக்கக் குருவி. நேரில் பேசும்போது மற்றவர்கள் காதுக்கு எட்டாது, இவள் காதுக்கு எட்டியிருக்கும். மூச்சைக் கட்டி வாசிக்கும்போதோ பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவே காற்று புகுந்து சீட்டியடிக்கிறது. கீழ் நிலையில் அது ஏர்கண்டிஷனர் இரைச்சலுக்கு அடியில் அமுங்கிப்போயிருந்தது.

ஒவ்வொன்றாகப் புரிந்தது. விடுப்பிலிருந்து வருவதற்குள் ஒரு நிலை இறக்கியாயிற்று. அவளையே கேட்கவைத்து, அவள் வாயாலேயே கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லவும் வைத்தாயிற்று. அதுவும் போதாமல் பிறகு இன்னொரு நிலை. புள்ளியைத் தொடாதே என்றது, டாக்டர் வேண்டாம் என்றது, தோளைத் தட்டியது. தங்கச்சி என்று கூப்பிடுவது நின்றதுகூட இரக்கம் இல்லை. அந்தச் சொல்லில் 'ச்சி' இருக்கிறது. அவளோடு பேசிய ஒவ்வொரு பேச்சிலும் அவர் அந்த எழுத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார்! அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார். அவள் ஹெட்போனோடு அப்படியே அழுதாள். தன் அழுகைச் சத்தம் தனக்கே இரைச்சலாக இருந்தது.

வெண்கலம் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்த் தாளை ஒட்டினார். கடைசி அத்தியாயம். வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் 'ச'வுக்கே சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் நிறுத்தி, அந்த வரியைத் திருப்பி வாசித்தார். விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை. விளக்கு. அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவள் மேசையில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பிய்த்தெடுத்த நீல டேப் துண்டு. அவர் முகம் செத்துப்போயிற்று.

"முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டியா?"

முதலில் கேட்டது இதைத்தான். அவள் காதைப் பற்றி இல்லை, அவள் பட்ட பாட்டைப் பற்றி இல்லை. அதுவரை அவளுக்குள் வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் எழுந்து போய்விட்டான்.

அவருக்குக் கேட்கும்படி அவள் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். "இன்னும் இல்ல."

"பல்லு பழகிடும், அதுவரைக்கும்தான்னு நெனச்சேன். புதுக் குரலுங்க எத்தனை பேர் வெளியில காத்துக்கிட்டு இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். எனக்கு இந்தக் குரலை விட்டா என்ன இருக்கு?"

"எனக்கு இந்தக் காதை விட்டா என்ன இருக்குண்ணே? விசில் அடிக்குது, காப்பாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒவ்வொரு விசிலையும் உக்காந்து கையால வெட்டி எடுத்திருப்பேன். யாருக்கும் தெரியாம. உங்க இருமலையெல்லாம் யார் வெட்டினான்னு நெனச்சீங்க? காது போச்சுன்னு நான் உங்ககிட்டதானே வந்து அழுதேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே. என்னைச் செவிடின்னு என்னையே நம்ப வெச்சுட்டீங்களே!"

ஹெட்போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது, வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியத்தில் கேட்டது போலவே, அவ்வளவு பக்கத்தில்.

"தங்கச்சி" என்றார் கடைசியில். "என்னை மன்னிச்சிரு."

இரண்டு 'ச்சி'யிலும் விசில். இத்தனை வருடப் பழக்கம், அவள் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் விளக்கைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, மைக்குக்குக் கொஞ்சம் நெருங்கி, பழைய வெண்கலக் குரலில், முதல் தடவையைவிட உருக்கமாகச் சொன்னார்:

"பொறுத்துக்கோம்மா."

இந்தத் தடவை விசில் வரவில்லை. வராத சொல்லாகப் பார்த்து எடுத்திருந்தார். அவள் ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள்.